பொதுவளம் காக்கும் முன்னாய்வு

நுழையும்முன்

ஊர்நீரைப் பங்கிடும் விதியை மாற்ற வேண்டுமானால், அதனை ஊரார் முன்னிலையில் வைத்துப் பேசி முடிவுசெய்வது நம் மரபு. கணினியின் வளங்களைப் பங்கிடும் நிரலில் ஒரு வரியை மாற்றுவதற்கும் அத்தகைய முறை உண்டு. உலகெங்கும் எண்ணற்ற கருவிகளை இயக்கும் லினக்ஸ் அமைப்பில் இந்தியப் பொறியாளர் ஒருவர் முன்வைத்த திருத்தம், பலருடைய ஆய்வுக்குப் பின் நிலைபெற்ற வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நீரின் கணக்கு

வேலூர் மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்று அணைக்கட்டு. ஓடும் நீரைத் தடுத்து உயர்த்தி வாய்க்கால்களுக்குத் திருப்பும் கட்டுமானத்தின் பெயரையே இவ்வூர் தாங்கி நிற்கிறது. இத்தமிழ்ச்சொல் ‘அனிகட்’ என ஆங்கில அகராதிகளிலும் இடம்பெற்றுள்ளது.

அணையைக் கட்டுவது ஒரு பணி; தேங்கிய நீரை யாருக்கு எவ்வளவு என அளந்து விடுவது மற்றொரு பணி. தலைமடையில் இருப்பவர் தம் வாய்க்காலைச் சற்றே அகலப்படுத்தினால் கடைமடை வயல் காய்ந்துபோகும். அகலப்படுத்தியவர் இருக்கும் இடத்திலிருந்து அவ்வயல் கண்ணுக்குத் தெரியாது. இதனால்தான் நீர்ப்பங்கீடு தனியொருவர் விருப்பத்திற்கு விடப்படவில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் அப்பொறுப்புக்கு வர இயலாது எனவும் அவை விதிக்கின்றன.

கணினிக்குள் ஒரு பங்கீடு

கணினியிலும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய வளங்கள் உள்ளன. செயலகத்தின் நேரமும் நினைவகத்தின் இடமும் அவற்றுள் தலையாயவை. ஒரே வேளையில் இயங்கும் பல நிரல்களுக்கு இவற்றைப் பகிர்ந்தளிக்கும் பகுதி, இயக்க அமைப்பின் உட்கரு ஆகும். இதனைக் கெர்னல் என்பர்.

லினக்ஸ் என்னும் உட்கருவைப் பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு வெளியிட்டார். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தம் முன்மொழியலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இயங்குவதும் இவ்வுட்கருவே. தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் இடம்பெற்ற ‘பாஸ் லினக்ஸ்’ அமைப்பிற்கும் இதுவே அடிப்படை.

எவரும் திருத்தம் முன்மொழியலாம் என்பதால், எவருடைய திருத்தமும் அப்படியே ஏற்கப்படும் என்று பொருளாகாது. திருத்தத்தை எழுதியவர் அதன் நோக்கத்தை விளக்கித் தம் பெயரைக் குறித்துப் பொதுவில் வைக்கிறார். அத்துறை அறிந்த பிறர் அதனை வரிவரியாகப் படித்து வினா எழுப்புகின்றனர். நிறைவடைந்த ஆய்வாளர், தாம் ஆய்ந்ததற்குச் சான்றாகத் தம் பெயரையும் அத்திருத்தத்துடன் சேர்க்க இசைகிறார். அதன்பின்னரே அப்பகுதியின் பராமரிப்பாளர் வழியாகத் திருத்தம் உட்கருவை அடைகிறது.

ஆய்வால் மாறிய திருத்தம்

ஒரே கணினியில் பலருடைய பணிகள் நடைபெறும்போது, ஒரு பணி நினைவகம் முழுவதையும் விழுங்கிவிடக் கூடும். பிற பணிகள் அப்போது திணறி நின்றுவிடும். இதனைத் தடுக்க, பணிகளைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் நினைவக வரம்பு விதிக்கும் முறையை ஐபிஎம் நிறுவனத்தின் இந்தியப் பிரிவில் பணியாற்றிய பல்பீர் சிங் முன்மொழிந்தார். எல்லார்க்கும் இன்றியமையாத குறைந்த அளவு வசதிகள் எவை என்பதில் முதலில் உடன்பாடு காண வேண்டும் என்று கருதிய அவர், கருத்துக் கேட்டபின், 2007 பிப்ரவரியில் நிரலின் முதல் வடிவத்தை வெளியிட்டார். அதனைத் தொடர்ந்து பாவெல் எமெல்யானோவ் மேலும் மூன்று வடிவங்களை அளித்தார்.

தொடக்க வடிவங்கள், ஒரு பணி தனக்கென நேரடியாகக் கைக்கொண்ட நினைவகத்தை மட்டுமே கணக்கிட்டன. கோப்புகளைப் படிக்கும்போது அவற்றின் உள்ளடக்கத்தை உட்கரு நினைவகத்தில் தேக்கி வைக்கும். அத்தேக்கம் கணக்கில் வரவில்லை. கனடாவின் ஒட்டாவா நகரில் நடைபெற்ற லினக்ஸ் கருத்தரங்கில் கூடிய வல்லுநர்கள் இக்குறையைச் சுட்டி, இரண்டையும் ஒருசேரக் கணக்கிட வேண்டும் என்றனர். வாய்க்கால் நீரை அளந்துவிட்டுக் கிணற்று நீரை அளக்காமல் விட்டால், நிலத்தடி நீர் யாரால் குறைந்தது என்பது எவ்வாறு தெரியும்? கருத்தை ஏற்று நிரல் திருத்தி எழுதப்பட்டது. பலமுறை மாற்றம் கண்ட அந்நிரல், 2008 ஏப்ரலில் வெளியான லினக்ஸ் 2.6.25 பதிப்பில் இடம்பெற்றது.

ஆய்வோர் எழுப்பும் வினாக்கள்

வளப்பங்கீட்டு நிரலை ஆய்வோர் கேட்கும் வினாக்கள் எளியவை. அவற்றிற்கு விடையளிப்பது அரிது.

முதல் வினா, கணக்கு நேர்மையானதா என்பது. இரு குழுக்கள் ஒரே நினைவகப் பக்கத்தைப் பயன்படுத்தினால் அது யார் கணக்கில் சேரும்? முதலில் தொட்ட குழுவின் கணக்கில் சேர்வதாக இந்நிரல் விதி வகுத்தது. முழு நேர்மை இல்லையெனினும் விதி வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது.

இரண்டாம் வினா, பெற்றது திரும்புகிறதா என்பது. பணி இடையில் தோல்வியுற்றாலும் அதற்கென ஒதுக்கிய இடம் திரும்ப வேண்டும். தவறினால், மூடாத மடையில் நீர் கசிவதுபோல நினைவகம் சிறிது சிறிதாகக் குறையும்.

மூன்றாம் வினா, காவலுக்கு ஆகும் செலவு எவ்வளவு என்பது. தொடக்கப் பதிப்புகளில், 64 பிட் கணினியின் 4,096 பைட் கொண்ட ஒவ்வொரு பக்கத்திற்கும் கணக்கு வைக்க 40 பைட் தேவைப்பட்டது. 4 ஜிகாபைட் நினைவகத்தில் இது 40 மெகாபைட் ஆகும். இவ்வசதியை நாடாதவர் ஏன் அச்செலவை ஏற்க வேண்டும்? அவர்கள் கணினியைத் தொடங்கும்போதே இவ்வசதியை நிறுத்திவைக்க வழி செய்யப்பட்டது.

சொல்லும் ஆய்வுக்கு உரியது

குழுக்களாகப் பிரிக்கும் அடிப்படை அமைப்பைக் கூகுள் நிறுவனத்தின் பால் மெனேஜும் ரோகித் சேத்தும் 2006இல் உருவாக்கத் தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘கொள்கலன்’ என்னும் பொருள் தருவது. அச்சொல் லினக்ஸ் உலகில் ஏற்கெனவே பல பொருள்களில் வழங்கியதால் மயக்கம் தந்தது. எனவே 2007இல் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்னும் பொருளில் பெயர் மாற்றப்பட்டது. சொல் மயங்கினால் அச்சொல்லை நம்பி எழுதப்படும் நிரலும் மயங்கும் என்பதை ஆய்வோர் உணர்ந்திருந்தனர்.

வருமுன் காத்தல்

முன்னாய்வு இல்லாத இடத்தில் பொதுவளம் என்னாகும் என்பதற்குப் பாலாறே சான்று. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் பதனிடும் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்தது. அதே வேளையில், சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் ஆற்றையும் விளைநிலங்களையும் குடிநீரையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. வருமுன் காக்கும் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடும் நாட்டின் சட்டத்தில் அடங்கும் என அத்தீர்ப்பு உறுதிசெய்தது.

நிரலில் நேர்ந்த பிழையை அடுத்த பதிப்பில் நீக்கிவிடலாம். உப்பேறிய மண்ணும் கெட்ட நிலத்தடி நீரும் அவ்வளவு எளிதில் மீள்வதில்லை. எனினும் இரண்டிற்கும் பொதுவான நெறி ஒன்று உண்டு. பலர் பகிரும் வளத்தில் கைவைப்பவர், தம் செயலைப் பிறர் ஆய்வுக்கு முன்கூட்டியே உட்படுத்த வேண்டும். ஆய்பவரும் அங்கு வந்து பேச இயலாத கடைமடைக்காரரை மனத்தில் இருத்தி வினவ வேண்டும். குறை சுட்டப்படுவதை இழிவாகக் கருதாமல் நிரலைத் திருத்தி எழுதிய பொறியாளர்களின் பண்பு, கற்பவர் அனைவரும் கைக்கொள்ளத் தக்கது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் ஏரி அல்லது கால்வாய் நீர் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து எழுதுக.

2. நீங்கள் எழுதிய கட்டுரையை நண்பரிடம் அளித்து, அவர் எழுப்பும் மூன்று வினாக்களுக்கு விடை தரும் வகையில் திருத்தி எழுதுக.

3. ‘பொதுவளத்தைக் காப்பதில் தீர்ப்பைவிட முன்னாய்வே சிறந்தது’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.