லைசிஸ்ட்ராட்டா: சிரிப்புக்குள்ளே ஒரு கேள்வி

கி.மு. 411. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடுவே போர் தொடங்கி இருபது வருஷம் ஆகியும் முடிஞ்ச பாடில்லை. அப்போது அரிஸ்டோஃபனீஸ் மேடையேற்றிய நகைச்சுவை நாடகம்தான் 'லைசிஸ்ட்ராட்டா'.

கதை சிம்பிள். போர் நிற்கும் வரை கணவர்களைக் கிட்டவே சேர்க்க மாட்டோம்னு இரு தரப்புப் பெண்களும் சத்தியம் செய்கிறார்கள். வயதான பெண்கள் அக்ரோபொலிஸைப் பிடித்து, அங்கிருந்த கஜானாவை முடக்குகிறார்கள். காசு இல்லாம போர் ஏது?

உங்களுக்கு அரசியல் என்ன தெரியும்னு அதிகாரி எகிறும்போது, லைசிஸ்ட்ராட்டா கம்பளி நூற்பதை உதாரணம் காட்டுகிறாள்: அழுக்கைக் கழுவி, முள்ளை எடுத்து, சிக்கைப் பிரித்து நூற்பது மாதிரிதான் நாட்டை நடத்துவதும். வீட்டு வேலையே இங்கே அரசியல் அறிவாகிறது. போரில் பெண்களுக்கும் பங்கு உண்டு என்கிறாள்; பிள்ளைகளைப் பெற்று அனுப்புவது அவர்கள்தானே! நரைத்துத் திரும்புகிற ஆணுக்குக்கூடப் பெண் கிடைக்கும், காத்திருந்த பெண்ணுக்கோ காலம் போயிடும் என்கிறாள். காமெடிக்கு நடுவே சுருக்குனு குத்தும் இடம் இது.

அப்போ இது பெண்ணிய நாடகமா? அவசரப்படாதீங்க. நடித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் குடிகாரிகள், ஆசை அடங்காதவர்கள் என்ற பழைய கேலியும் நிறைய இருக்கு. கடைசியில் 'சமாதானம்' பேசாத ஒரு பெண்ணுருவாக வருகிறது; அவள் உடம்பையே வரைபடமாக்கி ஆண்கள் நிலத்தைப் பங்கு போடுகிறார்கள். ஓட்டுரிமையை யாரும் கேட்கவில்லை. போர் நின்றதும் பெண்கள் வீடு திரும்புகிறார்கள்.

பெண்ணுக்கு மூளை உண்டுன்னு மேடை ஒத்துக்கிட்டது. ஆட்சியில் இடம் மட்டும் தரவில்லை. இன்றைய காமெடிகளிலும் இதைத் தேடிப் பாருங்க.