இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

பழுது நேர்ந்தபோதும் பணி தவறாத கணினி அமைப்புகளையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டிருப்பதாக நீர் வெள்ளவத்தையிலிருந்து எழுதிய கடிதம் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தது, மகிழ்ந்தேன். தனித்தனியே நம்பத்தகாத உறுப்புகளைக் கொண்டே, ஒரே வேலையைப் பலவற்றிடம் ஒப்படைத்துப் பெரும்பான்மையின் விடையை ஏற்பதனால், நம்பத்தக்க ஒரு முழுமையைச் சமைத்துவிடலாம் என்று ஜோன் வொன் நியூமன் 1956இல் வெளியான கட்டுரையொன்றில் காட்டினார். அந்த உறுப்புகள் ஒன்றையொன்று சாராமல் பழுதாகவேண்டும் என்னும் நிபந்தனையோ, கணக்கைப் போட்டு முடித்த மாத்திரத்தில் பலருக்கு மறந்துபோகிறது.

அந்த நிபந்தனை தவறினால் விளைவது யாது என்பதற்குத் தூரதேச உதாரணம் வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நமது அரசாங்கத்தின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்னும் கணினித் தொகுதியைக் கப்பம் கோரும் தீநிரல் ஒன்று பற்றியபோது, அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் மீளாமற் போயின. பிரதி எடுக்காமல் இருந்தார்கள் என்று எண்ணிவிடாதீர், எடுத்திருந்தார்கள், ஆயினும் அப்பிரதி மூலத்தோடு ஒரே வலையில் இணைந்திருந்தமையால், மூலத்தைப் பூட்டிய கை அதனையும் பூட்டிற்று. காணி உறுதியையும் அதன் நகலையும் ஒரே அலுமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாக உறங்குபவனுடைய சாமர்த்தியம் இது. (பழைய மென்பொருளைப் புதுப்பிப்பதும் நிதி முதலிய காரணங்களால் தள்ளிப்போயிருந்தது, அதற்குச் சூத்திரம் எழுத எந்தச் சர்வகலாசாலையாலும் ஆகாது.)

வன்பொருளுக்குத்தான் இந்த விபத்து, அறிவுள்ள மனிதர் தனித்தனியே எழுதும் நிரல்களுக்கு இல்லை என்று நினைப்பீராயின், 1986இல் ஜோன் நைட், நான்சி லெவ்சன் இருவரும் வெளியிட்ட பரிசோதனையைப் பொறுமையாகப் படியும். ஒரே விவரணத்தை வைத்து 27 நிரல்களைத் தனித்தனியே எழுதுவித்து, பத்து லட்சம் உள்ளீடுகளால் சோதித்தபோது, ஒன்றுக்கு மேற்பட்டவை ஒருங்கே தவறிய தருணங்கள், அவை சுயேச்சையானவை என்று கொண்டு போட்ட கணக்கைவிட மிக அதிகமாயிருந்தன. பிரச்சினையின் கடினமான மூலை எல்லோருக்கும் கடினமாகவே இருந்தது. இவ்வாறு ஒரே வேலைக்குப் பல நிரல்களை எழுதுவிக்கும் பல பதிப்பு நிரலாக்கத்தை இன்றும் சர்வரோக நிவாரணியாகப் போற்றுவோரை நான் அதிகம் மதிப்பதில்லை.

கணினிக்கு வெளியிலும் இதே கதைதான். 2004இல் கொழும்புத் துறைமுகத்தருகே ஓர் இந்தியக் கப்பலின் நங்கூரம் கடலடி வடத்தைச் சேதப்படுத்த, நாட்டின் இணையத் தொடர்பு பெரும்பாலும் அற்றுப்போயிற்று. 2025 பெப்ரவரி 9ஆந் தேதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதனால் தீவு முழுதும் இருண்டது என்றார்கள். குரங்கைக் குறை சொல்வதில் எனக்கு ருசியில்லை. ஒரு மூலையில் நேர்ந்த பழுது தேசமெங்கும் பரவ வழி விட்டது எது என்பதே உமது துறைக்குரிய கேள்வி.

ஆகையால், வழிமுறையைத் தெரிந்தெடுக்குமுன், உமது இரண்டு பிரதிகளுக்கும் பொதுவாய் உள்ளவற்றை எழுதிப்பாரும்: மின்வழங்கல், வலையிணைப்பு, கடவுச்சொல், மென்பொருளின் பதிப்பு, நிர்வகிக்கும் ஆள். பின்னர் அவற்றை ஒவ்வொன்றாக உமது கையாலேயே பிடுங்கிப்பாரும். மீட்டெடுத்துப் பாராத பிரதியை ஆய்வேட்டில் பிரதியென்று எழுதாதீர். அந்தப் பட்டியலையும், பிடுங்கியபோது விழுந்தவற்றின் விவரத்தையும், வெற்றிகளுக்கு முன்பாகவே முதல் அத்தியாயத்தில் வைத்து எனக்கு அனுப்பும்; மற்ற அத்தியாயங்களைப் பிறகு படித்துக்கொள்கிறேன்.