பயிர்க்காவலுக்கு எத்தனை தோட்டாக்கள் கொண்டு செல்ல வேண்டும்?

நெல் பால்பிடிக்கும் பருவத்திலும், மரவள்ளியும் வற்றாளையும் கிழங்கு வைக்கும் காலத்திலும் காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து ஓரிரவிலேயே பெருஞ் சேதம் விளைக்கின்றன. இவற்றைத் தடுப்பதற்கு உறுதியான வேலி, தீ, தகர ஒலி, இடைவிடாத காவல் ஆகியனவே முதற் சாதனங்களாகும். துவக்கு இறுதிச் சாதனம். அனுமதிப்பத்திரம் பெற்ற கமக்காரர் அதனை எடுத்துச் செல்லுமுன், எத்தனை தோட்டாக்கள் தேவையென வீட்டிலேயே தீர்மானித்துக் கொள்ளல் வேண்டும்.

1. தொகையைக் கணித்தல்

முதல் வெடியோசை கேட்டதும் பன்றிக்கூட்டம் சிதறிச் சில செக்கன்களுள் பற்றைக்குள் மறைந்துவிடும். ஆகவே ஒரு வருகையில் குறிபார்த்துச் சுடக்கூடிய வாய்ப்பு பெரும்பாலும் ஒன்றேயாகும். முதல் வருகைக்கு 1. விழுந்து உயிருடன் கிடக்கும் விலங்கின் வேதனையை முடிக்க 1. விடியுமுன் கூட்டம் மீண்டும் வந்தால் அவ்வாறே 2. வெடியாத தோட்டாவுக்கு ஈடாக 1. ஒற்றைக்குழல் துவக்குக்கு இந்த 5 தோட்டாக்களும், இரட்டைக்குழல் துவக்குக்கு மேலும் ஒன்று சேர்த்து 6 தோட்டாக்களும் போதுமானவை.

யானைக்கென ஒரு தோட்டாவும் கணக்கிற் சேர்த்தலாகாது. யானை சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட விலங்கு. சன்னம் பட்டுக் காயமுற்ற யானை முன்னிலும் கொடியதாகி அயலவரையும் தாக்கும்.

2. மிகுதியாகக் கொண்டு செல்வதால் வருங் கேடு

25 தோட்டாக்களின் நிறை ஏறக்குறைய ஒன்றேகால் கிலோகிராம். நிறையினும் பெரிய கேடு, பை நிறைந்திருக்கும்போது குறிபாராது சுடும் எண்ணம் எழுவதாகும். 12 போர் எஸ்.ஜி. தோட்டா ஒன்றிற் பொதுவாக 9 பெரிய சன்னங்கள் உள்ளன. பன்றியை 30 மீற்றருக்கு உட்பட்ட தூரத்திலேயே சுடுதல் வேண்டும். ஆயின் குறிதவறிய சன்னம் 500 மீற்றருக்கு அப்பாலும் செல்லக்கூடும். அடுத்த வயலின் பரணில் மற்றொரு கமக்காரர் காவலிருக்கிறார் என்பதை மறத்தலாகாது. மின்சூள் ஒளியிற் கண்கள் மட்டும் தெரியும்போது சுடலாகாது. விலங்கின் முழு உருவமும் அதன் பின்னுள்ள இடமும் தெரிதல் வேண்டும்.

3. தோட்டாக்களைத் தெரிதல்

(அ) துவக்கின் போருக்கு உரிய தோட்டாக்களை மட்டும் பையிலிடுக. 20 போர் தோட்டா 12 போர் துவக்கினுட் புகுந்து குழலினுள்ளே தங்கிவிடும். குழல் வெறுமையென எண்ணி அதன் பின்னே 12 போர் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை சிதையும்.

(ஆ) இலக்கம் 4 தோட்டாவில் ஏறக்குறைய 190 சிறு சன்னங்கள் உள்ளன. அவை பன்றியைக் கொல்லாது காயப்படுத்தும். ஆதலின் அவற்றைக் கலந்து கொண்டு செல்லலாகாது.

(இ) ஈரத்தால் ஊதியனவும், பித்தளைப் பகுதி களிம்பேறியனவுமான தோட்டாக்களை நீக்குக.

4. வயலில் கவனிக்க வேண்டியவை

வரம்பிலும் வாய்க்காலிலும் நடக்கும்போது குழலில் தோட்டா இருத்தலாகாது. பரணில் அமர்ந்த பின்னரே இடுக. குழல்வாய் சேற்றிற் பட்டிருந்தால், துவக்கைத் திறந்து குழலினூடே வெளிச்சம் தெரிகிறதா எனப் பார்த்தல் வேண்டும். விசையை இழுத்தும் வெடியாவிடின், குழலை ஆளில்லாத் திசையில் நீட்டியபடி 30 செக்கன் பொறுத்துப் பின் திறக்குக. காயமுற்ற பன்றியைத் தொடர்ந்து இரவிற் பற்றைக்குள் நுழைதல் உயிருக்கு ஆபத்தாகும். விடிந்தபின் துணையுடன் சென்று தேடுக.

5. திரும்பியதும் எண்ணுதல்

கொண்டு சென்றவை 5, சுட்டவை 2, எஞ்ச வேண்டியவை 3. வெற்றுக் கோதுகளையும் எஞ்சிய தோட்டாக்களையும் சேர்த்தால் புறப்பட்ட தொகை வருதல் வேண்டும். ஒன்று குறையின், பகலிற் பரணின் கீழும் வரம்போரத்திலும் தேடி எடுக்கவும். வயலில் விழுந்த தோட்டாவை முதலிற் காண்பவர் ஆடு மேய்க்கும் சிறுவராகவும் இருக்கலாம். துவக்கையும் தோட்டாக்களையும் வெவ்வேறிடங்களிற் பூட்டி வைத்தல் வேண்டும். அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும்.

ஓரிரவிற் கொண்டு சென்ற ஐந்தும் முடிந்துவிட்டால் அடுத்த இரவு பத்தாகக் கொண்டு செல்வது பரிகாரமன்று. பன்றிகள் நுழையும் வழி திறந்திருக்கின்றது என்பதே அதன் பொருள். மறுநாட் காலையில் அடிச்சுவட்டைப் பின்பற்றிச் சென்று, அவ்விடத்து வேலியை அடைத்தல் வேண்டும்.