ஒரே வெயில், இரண்டு மணி
(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

எங்கள் ஊர் ஓரிக்கை, காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், பாலாற்றுக்கு அருகில் இருக்கிறது. திருமழிசை ஆழ்வாரும் அவருடைய சீடர் கணிகண்ணனும் காஞ்சியை விட்டு வெளியேறியபோது, பெருமாளும் அவர்கள் பின்னே புறப்பட்டு வந்து ஓரிரவு இங்கே தங்கினார் என்றும், அந்த ‘ஓரிரவிருக்கை’யே ஓரிக்கை ஆயிற்று என்றும் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். ஓர் இராப்பொழுதைப் பெயராகக் கொண்ட ஊரில் வாழ்கின்ற நாங்கள் நேரத்தைப் பற்றி எழுத வந்தது பொருத்தந்தானே!

சென்ற ஜூன் மாதம் புவியியல் வகுப்பில் தீர்க்கரேகைகள் பற்றிய பாடம் நடந்தது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்தியா முழுவதற்கும் பொதுவான நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்த ரேகை உத்தரப் பிரதேசத்தில் மிர்சாப்பூருக்கு அருகே செல்கிறது. நாமோ ஏறக்குறைய 79.7 பாகையில் இருக்கிறோம். “அப்படியானால் நமக்கு உச்சிப்பொழுது 12 மணிக்கு வராதே, சிஸ்டர்?” என்று ஒருத்தி கேட்டாள். “குச்சியை நட்டுப் பாருங்கள்” என்றார் சிஸ்டர்.

விளையாட்டுத் திடலில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டோம். நிழல் மிகக் குறுகும் நொடியைக் கண்ணால் பிடிப்பது கடினம். அதனால் பழைய காலத்து முறையைக் கையாண்டோம். குச்சியைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்ட நேரத்தையும், பிற்பகலில் மீண்டும் தொட்ட நேரத்தையும் குறித்தோம். முதலாவது 10 மணி 40 நிமிடம். இரண்டாவது 1 மணி 42 நிமிடம். இவற்றுக்கு நடுவே வருவது 12 மணி 11 நிமிடம். கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அதே பதினொன்றுதான் வந்தது! இடையில் இன்னொரு வியப்பு. நண்பகல் நிழல் ஒரு சாணுக்கும் குறைவாக, தெற்கு நோக்கி விழுந்தது. ஜூன் மாதத்தில் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதை அன்றுதான் கண்ணால் கண்டோம். (வேறு மாதங்களில் செய்து பார்க்கும் தோழியர் ஏமாற வேண்டாம். சூரியனின் நடை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. ஜூன் நடுவில் அந்த வேறுபாடு அநேகமாக இல்லை. நவம்பர் தொடக்கத்திலோ, கடிகாரம் 12 அடிக்கும் முன்பே இங்கே உச்சிப்பொழுது ஆகிவிடும்.)

ஆகவே நம் கைக்கடிகாரம் காட்டுவது நம் ஊர்ச் சூரியனின் நேரம் அன்று. எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட நேரம். இந்த ஒப்புதல் எளிதில் வந்துவிடவில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு அமைந்த வானாய்வுக் கூடத்தைக் கொண்டு கணக்கிட்ட ‘மதராஸ் நேரம்’ ஒரு காலத்தில் இந்திய இரயில்களுக்கெல்லாம் பொது நேரமாக இருந்தது. 1906 ஜனவரி முதல் நாள் இன்றைய இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தபோது, சென்னைக்கு 9 நிமிட மாற்றந்தான். ஆனால் பம்பாய்க்கு 39 நிமிடம்! அந்நகர மக்கள் எளிதில் இசையவில்லை. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நகர நேரத்தையே வைத்திருந்தன. பம்பாயில் இரயில் பிடிக்கச் செல்பவர் வீட்டுக் கடிகாரத்தை நம்பிப் புறப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் ‘தோட்ட நேரம்’ ஒரு மணி முன்னால் ஓடுகிறது. அங்கே சூரியன் நமக்கு வெகு முன்பே உதித்துவிடுவதால் அதில் நியாயம் இருப்பதாகவே எங்களுக்குப் படுகிறது.

எங்கள் தோழி ஒருத்தி இந்தக் குச்சிக் கதையை வீட்டில் சொல்ல, அவளுடைய அம்மம்மா சிரித்தாராம். அவர் கிளிநொச்சியைச் சேர்ந்தவர். 2006இல் போர் மீண்டும் மூண்டபின் படகில் இராமேசுவரம் வந்தவர். ஒரு சனிக்கிழமை நாங்கள் நான்கு பேர் அவரைப் பார்க்கச் சென்றோம். “பதினொரு நிமிசத்துக்கே இப்பிடி வியக்கிறியளே பிள்ளையள்! நாங்கள் அரை மணித்தியாலத்தோட பத்து வருசம் சீவிச்சனாங்கள்” என்றார்.

நடந்தது இதுதான். 1996ஆம் ஆண்டு இலங்கையில் மழை பொய்த்து, நீர்மின் நிலையங்களின் நீர்த்தேக்கங்கள் வற்றின. விளக்கெரியும் நேரத்தைக் குறைப்பதற்காக அரசு மே 25ஆம் நாள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. அக்டோபர் 26ஆம் நாள் அதில் அரை மணியைத் திரும்பக் குறைத்தது. ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிப் பகுதி இந்த மாற்றங்களை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே நீடித்தது. நம் இந்திய நேரமும் அந்தப் பழைய நேரமும் ஒன்றே.

யாழ்ப்பாண நகரம் 1995இன் இறுதியிலிருந்து அரசின் வசம் இருந்தது. தெற்கே வவுனியாவும் அரசின் வசம். நடுவில் வன்னி. போர்நிறுத்தத்துக்குப் பின் 2002இல் ஏ-9 சாலை மக்களுக்குத் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா செல்பவர் முகமாலையைக் கடந்ததும் கடிகாரத்தை அரை மணி பின்னே திருப்ப வேண்டும். ஓமந்தையைக் கடந்ததும் அரை மணி முன்னே திருப்ப வேண்டும். ஒரே நாட்டில், ஒரே சாலையில், ஒரே பகலில்! கொழும்பில் காலை எட்டரை மணிக்குத் தொடங்கும் தேர்வு, வன்னிக் கடிகாரத்தில் எட்டு மணித் தேர்வு. நமக்கு அப்படி ஒரு குழப்பம் இருந்தால் முந்தின இரவு தூக்கம் வருமா?

“பழைய நேரமோ, புது நேரமோ எண்டு கேக்காமல் ஒருத்தரும் ஒரு இடத்துக்கும் வெளிக்கிடேலாது” என்றார் அம்மம்மா. கேட்கத் தவறியது அவருக்கு ஒரே ஒரு முறைதான். 2003இல் அவருடைய மூத்த மகள் பிள்ளைப்பேற்றுக்காக வவுனியாவில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். செய்தி கிடைத்ததும் அம்மம்மா அரிசிமாவும் பழந்துணிகளும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். எல்லைக்கு வந்தபோது, சாவடி மூடும் நேரத்துக்கு இன்னும் கால் மணி இருப்பதாக அவருடைய மணிக்கூடு காட்டியது. (கைக்கடிகாரத்தையும் அவர் மணிக்கூடு என்றே சொல்கிறார்.) அந்தப் பக்கத்து நேரப்படி மூடிக் கால் மணி ஆகியிருந்தது. “ஆரிலயும் பிழையில்லை. பதட்டத்தில நான்தான் மறந்துபோனன்.”

அன்றிரவு சாலையோரத்தில் வேறு சிலரோடு பாய் விரித்துப் படுத்தார். யாரோ தேநீர் கொடுத்தார்கள். குழந்தை அன்றிரவே பிறந்துவிட்டது. முதல் பேரப்பிள்ளையைப் பிறந்தவுடன் கையில் வாங்க வேண்டுமென்று மாதக்கணக்கில் காத்திருந்தவர், மறுநாள் காலையில்தான் பார்த்தார். “அதை இப்பவும் நினைச்சால் நித்திரை வராது, பிள்ளையள்” என்றபோது அவர் குரல் கம்மியது. எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பின்பு அவரே, சாதகம் எழுத வந்தவர் “பத்து மணியெண்டால், எந்தப் பத்து?” என்று கேட்டதைச் சொல்லிச் சிரித்தார். அந்தப் பத்து மணி, சாலையோரத்தில் படுத்திருந்த அவருடைய மணிக்கூட்டில் ஒன்பதரை அல்லவா?

2006 ஏப்ரல் நடுவில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, இலங்கை அரசு கடிகாரத்தை அரை மணி பின்னே வைத்துப் பழைய நேரத்துக்கே திரும்பியது. இரு பக்கமும் ஒரே மணி ஆயிற்று. ஆனால் அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் முகமாலையில் சண்டை மூண்டு, அந்தச் சாலையே மூடப்பட்டது. கடிகாரங்கள் சேர்ந்து நான்கு மாதங்கூட ஆகவில்லை! போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அம்மம்மா இராமேசுவரத்தில் இறங்கியபோது மணிக்கூட்டைத் திருப்ப வேண்டிய தேவையே இருக்கவில்லையாம்.

புறப்படும்போது, எங்கள் குச்சிக் கணக்கைத் தம் ஊருக்கும் போட்டுத் தரச் சொன்னார். தேசப்படத்தைப் பார்த்து அங்கேயே போட்டோம். இந்திய நேரப்படி, ஜூன் நடுவில் யாழ்ப்பாணத்தில் உச்சிப்பொழுது 12 மணி 10 நிமிடம். ஓரிக்கைக்கும் அதற்கும் ஒரே நிமிடந்தான் வேறுபாடு. கிளிநொச்சிக்கு 12 மணி 8 நிமிடம். வவுனியாவுக்கும் 12 மணி 8 நிமிடம்.

அம்மம்மா தாளை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “கிளிநொச்சிக்கும் எட்டு, வவுனியாவுக்கும் எட்டுத்தானோ?” என்று இரண்டு தடவை கேட்டார்.