மணியும் முள்ளும்

நுழையும்முன்

கணக்கிடுதல் என்றதும் எண்களும் திரையும் நினைவுக்கு வருகின்றன. எண்களைக் கூட்டாமலும் பெருக்காமலும் விடை தரும் கருவிகளும் உண்டு. நீரின் ஒழுக்கு, தராசின் சாய்வு, மின்னோட்டம் ஆகியவற்றால் கணக்கிடும் ஒப்புமைக் கருவிகளின் இயல்பையும், அவை இன்று மீண்டும் நாடப்படும் காரணத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

மணி சொன்ன செய்தி

மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் (1623–1659), திருவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு அமுது படைக்கப்பட்ட பின்னரே உணவு கொள்வார் என்றும், அச்செய்தியை அறிய மதுரை வரை மணிமண்டபங்களை அமைத்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஒரு மண்டபத்து மணியோசையைக் கேட்டு அடுத்த மண்டபத்தார் மணி அடிப்பர். மணிக்கு நிலைகள் இரண்டே: ஒலித்தது, ஒலிக்கவில்லை. தொலைவினால் ஓசை மெலிந்தாலும் செய்தி மெலிவதில்லை. அடுத்த மணி அதனைப் புதிதாய் முழங்கும். 0, 1 என்னும் இரு குறிகளால் இயங்கும் இலக்கமுறைக் கணினியின் வலிமையும் இதுவே.

முள் காட்டிய விடை

திருவில்லிபுத்தூருக்குத் தென்மேற்கே சற்றேறக்குறைய 12 கி.மீ. தொலைவில் உள்ளது இராசபாளையம். பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936ஆம் ஆண்டில் இங்கு நூற்பாலையைத் தொடங்கினார். நூற்பாலையில் நூலின் பருமனைக் 'கவுண்ட்' என்னும் எண்ணால் குறிப்பர். 840 கெஜம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு (453.6 கிராம்) எடைக்கு எத்தனை சிட்டங்கள் நிற்குமோ அதுவே கவுண்ட். எனவே, 20 கவுண்ட் நூலின் ஒரு சிட்டம் 22.68 கிராம், 40 கவுண்ட் நூலில் அது 11.34 கிராம். எண் உயர உயர நூல் மென்மையாகும்.

இதனை அறிய எடை கண்டு வகுத்தல் வேண்டும். கால்வட்டத் தராசோ அவ்வேலையைத் தானே செய்துவிடுகிறது. அதன் கொக்கியில் ஒரு சிட்டத்தைத் தொங்கவிட்டால் நெம்புகோல் சாயும். முள் வில் வடிவ அளவுகோலில் கவுண்டைக் காட்டி நிற்கும். எடைக்கல்லும் இல்லை, வகுத்தலும் இல்லை. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. நூலின் கவுண்ட் தவறினால் துணியின் எடையும் விலையும் தவறும். ஆகவே, முள் நிற்கும் இடம் பலருடைய வருவாயைத் தொடும் செய்தியாகும்.

ஒப்புமை என்னும் நெறி

தராசில் சாய்வு, கவுண்டுக்கு ஈடாக நிற்கிறது. இவ்வாறு ஓர் அளவுக்கு ஈடாக மற்றோர் அளவை நிறுத்தி விடை காண்பதே ஒப்புமைக் கணிப்பு. இந்நெறி பழமையானது. வட்டிலில் ஒழுகும் நீரைக் கொண்டு பொழுதை அளந்த நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டில் காண்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெல்வின், கப்பிகளின் அசைவுகளை ஒரே கம்பியால் கூட்டிக் கடலின் ஏற்றவற்றங்களை முன்னறியும் பொறியை உருவாக்கினார். 1953ஆம் ஆண்டில் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சமரேந்திர குமார் மித்ரா, பத்து மாறிகள் கொண்ட நேரியல் சமன்பாடுகளுக்கு விடை காணும் மின்னணு ஒப்புமைக் கணினியை அமைத்தார்.

எல்லை அறிதல்

ஒப்புமைக் கருவியின் விடை, ஒப்புமை பொருந்தும் அளவே பொருந்தும். பருத்தி நூல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். தராசு அந்த ஈரத்தையும் நூலின் எடையாகவே கொண்டு கவுண்டைக் குறைத்துக் காட்டும். எனவேதான் சோதனைக்கூடத்தின் ஈரப்பதம் 65 விழுக்காட்டளவில் பேணப்படுகிறது. மேலும், அளவுகோலில் 20க்கும் 30க்கும் உள்ள இடைவெளியைவிட 70க்கும் 80க்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. மெல்லிய நூலில் கண் எளிதில் பிழைபடும். இத்தகைய பிழைகளை மணியைப்போல் இரு நிலைகளால் இயங்கும் இலக்கமுறை பெரிதும் தவிர்த்தது. அதனால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஒப்புமைக் கணினிகளின் இடத்தைப் பிடித்தது.

மீண்டும் ஒப்புமை

செயற்கை நுண்ணறிவுக்குக் கோடிக்கணக்கான பெருக்கல்களும் கூட்டல்களும் தேவை. இலக்கமுறைக் கணினியில் நினைவகத்துக்கும் செயலகத்துக்கும் இடையே எண்களைக் கொண்டு செல்வதிலேயே மின்னாற்றல் மிகுதியாகச் செலவாகிறது. இதற்கு மாற்றாக ஆய்வாளர்கள் ஒப்புமைச் சில்லுகளை உருவாக்கி வருகின்றனர். அவற்றில் ஓர் எண் மின்னழுத்தமாகவும் மற்றோர் எண் கடத்துதிறனாகவும் அமையும். ஓமின் விதிப்படி இரண்டின் பெருக்கற்பலன் மின்னோட்டமாக வெளிப்படும். ஒரே கம்பியில் வந்து சேரும் மின்னோட்டங்கள் தாமாகவே கூடிவிடும். கொக்கியில் சிட்டம் தொங்கியவுடன் விடை தந்த தராசைப்போல, இங்கும் பொருளின் இயல்பே கணக்கை முடிக்கிறது. வெப்பத்தாலும் நாட்பட்ட பயன்பாட்டாலும் கடத்துதிறன் மாறுவது இவற்றின் குறை. நூலின் ஈரத்தை ஆராய்ந்த பின்னரே முள்ளை நம்பிய தேர்ச்சி, இச்சில்லுகளை ஆள்வோர்க்கும் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. பாதரச வெப்பமானி, கைக்கடிகாரம், மின்விளக்குச் சொடுக்கி ஆகியவற்றுள் ஒப்புமை நெறியில் இயங்குவன எவை? காரணம் கூறுக.

2. ஒரு சிட்டம் 15.12 கிராம் எடையுடையது எனில் நூலின் கவுண்டைக் கண்டறிக. ஈரத்தால் அதன் எடை 16.2 கிராமாக உயர்ந்தால் தராசு காட்டும் கவுண்ட் யாது?

3. உம் ஊரில் தொழில் செய்வோர் பயன்படுத்தும் அளவைக் கருவி ஒன்றின் இயக்கத்தைக் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.