வைஃபை பிரிண்டரைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லையா? முதலில் அதன் முகவரியைக் கேளுங்கள்

மேச்சேரியில் புதன்கிழமை ஆட்டுச் சந்தை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வருகிறவர்கள் சந்தை வேலையோடு பட்டா நகல், வருமானச் சான்றிதழ், ஆதார் பிரிண்ட் என்று மற்ற வேலைகளையும் முடித்துக்கொண்டு பஸ் ஏறப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் ஜெராக்ஸ் கடையின் கம்ப்யூட்டர் 'பிரிண்டர் ஆஃப்லைன்' என்று காட்டினால், காத்திருப்பவருக்கும் கடைக்காரருக்கும் நஷ்டம். மறுநாள் தேர்வுக்கு நுழைவுச்சீட்டு எடுக்கவேண்டிய மாணவர் வீட்டிலும் இதே தவிப்புதான்.

பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு சேலம் சர்வீஸ் சென்டருக்குப் போய்வர அரை நாள் ஆகும். போன இடத்தில் அது ஒழுங்காக வேலை செய்யும். ஏனென்றால் இந்தக் கோளாறில் பெரும்பாலும் இயந்திரத்தில் பழுது இருப்பதில்லை. பிரிண்டர், ரௌட்டர், கம்ப்யூட்டர் மூன்றுக்கும் நடுவே உள்ள தொடர்பு எங்கோ ஓர் இடத்தில் அறுந்திருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் டிரைவரை அழித்து மறுபடி போடுவதுதான் பலரும் முதலில் செய்வது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் வரிசையில் போனால், ஒவ்வொரு படியிலும் கோளாறு எந்தப் பக்கம் இல்லை என்பது தெளிவாகிக்கொண்டே வரும்.

படி 1: காத்திருப்பவரை முதலில் அனுப்புங்கள்

அவசர வேலை இருந்தால் பிரிண்டரை யூஎஸ்பி கேபிளில் இணைத்து அதை முடித்துவிடுங்கள். வைஃபை பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் சதுர வடிவ யூஎஸ்பி துளை உண்டு. கேபிளில் அச்சு வந்துவிட்டால் இன்னொரு பயனும் இருக்கிறது: இங்க், ஹெட், பேப்பர் ரோலர் எதிலும் குறையில்லை, கோளாறு வைஃபை தொடர்பில்தான் என்று உறுதியாகிவிடும்.

படி 2: வரிசையாக அணைத்து, வரிசையாகப் போடுங்கள்

நம் பக்கம் கரண்ட் போய் வருவது வழக்கம். மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தும் நாளில் மணிக்கணக்கில் இருக்காது. கரண்ட் வந்ததும் பிரிண்டர் சில நொடிகளில் எழுந்துவிடும். ரௌட்டர் முழுதாகத் தயாராக ஓரிரு நிமிடம் ஆகும். அதற்குள் பிரிண்டர் வைஃபையைத் தேடிப் பார்த்து ஓய்ந்துவிடுவது உண்டு.

ஆகவே மூன்றையும் அணையுங்கள். இங்க்ஜெட் பிரிண்டரைச் சுவிட்ச் போர்டில் அணைக்கக் கூடாது. அதன் பவர் பட்டனை அழுத்தித்தான் அணைக்கவேண்டும். அப்போதுதான் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காரும், இங்க் காயாது. பிறகு பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் விடுங்கள். முதலில் ரௌட்டரைப் போடுங்கள். போனில் இன்டர்நெட் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிரிண்டரைப் போடுங்கள். அதன் வைஃபை விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிந்த பிறகு கம்ப்யூட்டர். பலருக்கு இங்கேயே சரியாகிவிடும்; சரியானாலும் படி 9-ஐச் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மின்தடைக்கு இதே கதை திரும்பும்.

படி 3: பிரிண்டரிடம் ஒரு தாள் கேளுங்கள்

வேலையின் பாதி இந்தப் படியில்தான் இருக்கிறது. வைஃபை பிரிண்டர் தன் நிலையைத் தானே ஒரு தாளில் அச்சிட்டுத் தரும். எப்சனில் அதற்கு 'நெட்வொர்க் ஸ்டேட்டஸ் ஷீட்' என்று பெயர். எச்பியில் 'நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் பேஜ்'. கேனனில் 'நெட்வொர்க் செட்டிங்ஸ்'. எந்தப் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தவேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். திரை உள்ள பிரிண்டரில் நெட்வொர்க் மெனுவுக்குள் கிடைக்கும்.

தாளில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, எஸ்எஸ்ஐடி, அதாவது பிரிண்டர் இணைந்திருக்கும் வைஃபையின் பெயர். மற்றொன்று, ஐபி முகவரி. தெருவில் ஒரு வீட்டுக்குக் கதவு எண் எப்படியோ, நெட்வொர்க்கில் பிரிண்டருக்கு இந்த எண் அப்படி. பெரும்பாலும் மூன்றில் ஒன்று தெரியும்:

- எஸ்எஸ்ஐடி இல்லை, அல்லது முகவரி 0.0.0.0: பிரிண்டர் வைஃபையில் இணையவே இல்லை. படி 4-க்குப் போங்கள்.
- முகவரி 169.254 என்று தொடங்குகிறது: ரௌட்டர் முகவரி தராததால் பிரிண்டர் தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. படி 2-ஐ மறுபடி செய்யுங்கள். மாறாவிட்டால் படி 4.
- முகவரி 192.168 என்று தொடங்குகிறது: பிரிண்டர் சரியாகத்தான் இருக்கிறது. படி 5-க்குப் போங்கள்.

படி 4: பிரிண்டர் வைஃபையில் இணையவில்லை என்றால்

முதல் சந்தேகம் அலைவரிசை. இன்றைய ஃபைபர் ரௌட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. வீட்டுக்கும் சிறு கடைக்கும் வாங்கும் விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். வைஃபை பெயரின் முடிவில் 5ஜி என்று இருந்தால் அது 5 கிகாஹெர்ட்ஸ். அதை விட்டுவிட்டு மற்றப் பெயரில் பிரிண்டரை இணையுங்கள். இரண்டும் ஒரே பெயரில் இருந்தால், ரௌட்டர் செட்டிங்ஸில் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுங்கள். கம்ப்யூட்டர் 5-இல் இருந்தாலும் பரவாயில்லை. ரௌட்டர் ஒன்றாக இருந்தால் போதும்.

இரண்டாவது, பாஸ்வேர்டு. ரௌட்டரின் பாஸ்வேர்டையோ பெயரையோ மாற்றியிருந்தால், அல்லது புது கனெக்‌ஷன் வாங்கியிருந்தால், பிரிண்டர் பழையதையே வைத்துத் தேடிக்கொண்டிருக்கும். எப்சன் அச்சிடும் நெட்வொர்க் இணைப்பு அறிக்கையில் இ-2, இ-3, இ-7 என்று வந்தால் பெயரோ பாஸ்வேர்டோ பொருந்தவில்லை. இ-5 என்றால் பாதுகாப்பு முறை பொருந்தவில்லை.

மூன்றாவது, அந்தப் பாதுகாப்பு முறை. 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 முறை பழைய பிரிண்டர்களுக்குத் தெரியாது. ரௌட்டரில் டபிள்யூபிஏ2 அல்லது இரண்டும் கலந்த முறையைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காவது, போன் ஹாட்ஸ்பாட். தனி ரௌட்டர் இல்லாத வீடுகளில் போனிலிருந்துதான் கம்ப்யூட்டருக்கு நெட் வரும். ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் 2.4 மட்டும் தெரிந்த பிரிண்டருக்கு அது கண்ணில் படாது. ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் பேண்டை 2.4-க்கு மாற்றுங்கள், ஐபோனில் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்பதை ஆன் செய்யுங்கள்.

இவற்றோடு தூரத்தையும் கவனியுங்கள். முன் அறையில் ரௌட்டர், நடுவே இரும்பு பீரோ, பின் அறையில் பிரிண்டர் என்று இருந்தால் சிக்னல் குறையும். சோதிக்கும் நேரத்திலாவது இரண்டையும் ஒரே அறையில் வையுங்கள்.

பிறகு பிரிண்டரின் நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்து, அந்த நிறுவனத்தின் போன் ஆப் வழியாக மறுபடி இணையுங்கள். அப்போது போன் 2.4 வைஃபையில் இருக்கவேண்டும்; புளூடூத்தும் லொகேஷனும் ஆனில் இருக்கவேண்டும். ரௌட்டரில் டபிள்யூபிஎஸ் பட்டன் இருந்தால் அதை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரின் பட்டனையும் அழுத்தினால் பாஸ்வேர்டு இல்லாமலே இணையும்.

படி 5: இரண்டும் ஒரே நெட்வொர்க்கில்தானா?

கம்ப்யூட்டரின் முகவரியையும் பார்க்கவேண்டும். விண்டோஸில் 'கமாண்ட் பிராம்ப்ட்' திறந்து, ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் இடைவெளி விடாமல் தட்டுங்கள். வரும் 'ஐபிவி4 அட்ரஸ்' எண்ணைத் தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். வீட்டு ரௌட்டரில் முதல் மூன்று பகுதிகள் ஒன்றாக இருக்கவேண்டும். கடைசிப் பகுதி வேறாக இருக்கவேண்டும். கம்ப்யூட்டருக்கு 192.168.1.7, பிரிண்டருக்கு 192.168.1.12 என்றால் சரி. கம்ப்யூட்டருக்கு 192.168.1.7, பிரிண்டருக்கு 192.168.0.12 என்றால் இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்.

சின்ன ஊர்களில் இது எப்படி நேர்கிறது என்றால், ஃபைபர் கொடுக்க வந்தவர் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போவார். அதன் வைஃபை பின்கட்டுவரை எட்டாததால் நாம் இன்னொரு ரௌட்டர் வாங்கிக் கோப்போம். கம்ப்யூட்டர் முதல் பெட்டியிலும் பிரிண்டர் இரண்டாவதிலும் மாட்டிக்கொள்ளும். இரண்டையும் ஒரே பெட்டிக்குக் கொண்டுவாருங்கள். அல்லது இரண்டாவது ரௌட்டரை 'ஆக்ஸஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றுங்கள்.

'கெஸ்ட்' வைஃபையில் பிரிண்டரை இணைக்காதீர்கள். அதில் இருப்பவை ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரௌட்டர் பிரித்து வைக்கும். கம்ப்யூட்டரில் விபிஎன் ஓடினால் அதையும் நிறுத்திப் பாருங்கள்.

படி 6: பிரவுசரில் கதவைத் தட்டுங்கள்

தாளில் உள்ள முகவரியை குரோம் போன்ற பிரவுசரின் மேல் வரியில் தட்டுங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறக்கும்; இங்க் அளவு, நெட்வொர்க் நிலை எல்லாம் அதில் தெரியும். பாதுகாப்பு எச்சரிக்கை வரலாம். தட்டிய எண் உங்கள் பிரிண்டருடையதுதான் என்று சரிபார்த்துவிட்டு உள்ளே போகலாம்.

பக்கம் திறந்தால் வழி சரி. குறை விண்டோஸில் பிரிண்டரைச் சேர்த்த முறையில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் திறக்காமல் அதே வைஃபையில் உள்ள போனில் திறந்தால், கம்ப்யூட்டரின் ஃபயர்வாலோ ஆன்டிவைரஸோ விபிஎன்னோ மறிக்கிறது. இரண்டிலும் திறக்காவிட்டால் படி 4-க்குத் திரும்புங்கள்.

படி 7: விண்டோஸில் பார்க்கவேண்டியவை

முதலில், செட்டிங்ஸில் உங்கள் வைஃபையின் பண்புகளைத் திறந்து 'பிரைவேட் நெட்வொர்க்' என்று வையுங்கள். 'பப்ளிக்' என்று இருந்தால் பக்கத்தில் உள்ள கருவிகளைக் கம்ப்யூட்டர் தேடாது. உங்கள் சொந்த வைஃபைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

அடுத்து, தேங்கிய வேலைகள். பிரிண்ட் வரிசையில் ஒரு ஃபைல் சிக்கியிருந்தால் பின்னால் வருவது எதுவும் போகாது. தேடல் பெட்டியில் 'சர்வீசஸ்' திறந்து, 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்துங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் ஃபோல்டரில் உள்ள ஃபைல்களை மட்டும் அழித்துவிட்டு, ஸ்பூலரை மறுபடி ஓடவிடுங்கள். பிரிண்டர் வரிசையில் 'யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்' என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அதன்பின் பிரிண்டரை முகவரி கொடுத்துச் சேருங்கள். 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பகுதியில் 'ஆட் டிவைஸ்' அழுத்தி, சற்றுப் பொறுத்தால் கைமுறையாகச் சேர்க்கும் வழி வரும். அதில் ஐபி முகவரி கொண்டு சேர்க்கும் வாய்ப்பைத் தேர்ந்து, 'டிசிபி ஐபி டிவைஸ்' என்று வைத்து, தாளில் உள்ள எண்ணைக் கொடுங்கள். கம்ப்யூட்டர் இனித் தேடித் திரிய வேண்டியதில்லை; நேராக அந்த முகவரிக்கே போகும்.

படி 8: இப்போது டிரைவர்

இத்தனைக்கும் மசியவில்லை என்றால்தான் டிரைவர். பழைய பிரிண்டரையும் அதன் மென்பொருளையும் நீக்கி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கு உரியதை இறக்கிப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கூகுளில் 'பிரிண்டர் ஹெல்ப்லைன்' என்று தேடினால் போலி எண்களும், நிறுவனத்தின் பெயரைப் போலவே வைத்த போலித் தளங்களும் வருகின்றன. எனிடெஸ்க் போன்ற ஆப்பைப் போடச் சொன்னாலோ, டிரைவருக்குப் பணம் கேட்டாலோ உடனே துண்டியுங்கள். பிரிண்டர் டிரைவர்களை நிறுவனங்கள் இலவசமாகவே தருகின்றன. ஏமாந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

படி 9: திரும்ப வராமல் இருக்க

நேற்றுவரை ஓடிய பிரிண்டர் கரண்ட் போய் வந்ததும் காணாமல் போவதற்கு முக்கியக் காரணம் முகவரி மாற்றம். ரௌட்டர் மறுபடி எழும்போது முகவரிகளைப் புதிதாகப் பங்கிடுவது உண்டு. பிரிண்டருக்கு இருந்த எண் யாருடைய போனுக்கோ போய்விடும். கம்ப்யூட்டர் பழைய எண்ணிலேயே தேடிவிட்டு 'ஆஃப்லைன்' என்று சொல்லும்.

இதை நிறுத்த, பிரிண்டருக்கு ஒரு முகவரியை நிலையாக ஒதுக்கவேண்டும். பிரவுசரில் ரௌட்டரின் முகவரியைத் தட்டி உள்ளே போங்கள், பலவற்றுக்கு 192.168.1.1, ஜியோ ஃபைபருக்கு 192.168.29.1. படி 5-இல் வந்த விவரத்தில் 'டீஃபால்ட் கேட்வே' என்று இருப்பதும் அதுதான். அங்கே முகவரி பங்கிடும் டிஹெச்சிபி பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' இருக்கும். தாளில் உள்ள மேக் அட்ரஸை, அதாவது பிரிண்டருக்கே உரிய அடையாள எண்ணைக் கொடுத்து, தாளில் உள்ள ஐபி முகவரியையே பிரிண்டருக்கென்று பதிந்துவிடுங்கள்.

ரௌட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கிப் போடுவதும் நல்லது. வாங்கும்போது ரௌட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்து, அதற்குப் பொருந்துவதையே வாங்குங்கள். சிறு மின்தடைகளில் ரௌட்டர் அணையாமல் இருந்தால் இந்தத் தொல்லையில் பெரும் பகுதி எழவே எழாது.

வைஃபை பெயர், பிரிண்டரின் ஐபி முகவரி, மேக் அட்ரஸ் மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பிரிண்டரின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். நீங்கள் இல்லாத நாளில் கடையில் இருப்பவரோ வீட்டுப் பிள்ளையோ அதைப் பார்த்தே சரிசெய்துவிடுவார்கள். கோளாறு வரும்வரை காத்திருக்கவேண்டாம். பிரிண்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த நெட்வொர்க் தாளை எடுத்து, முகவரியை ஒதுக்கிவிடுங்கள்.