ராத்திரி குடித்தது காலையில் காட்டுமா?

"ராத்திரில்லா குடிச்சது! தூங்கி எழுந்து, பல் விளக்கி, காபியும் குடிச்சாச்சு. இப்ப ஊதச் சொன்னா எப்படிக் காட்டும்?" தூத்துக்குடியில் கல்யாண வீட்டுக்கு வந்து திரும்புகிறவர்களும், துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் லோடு எடுக்கும் டிரைவர்களும் கேட்கிற கேள்வி இது. காட்டும். கணக்குப் போட்டே பார்த்து விடலாம்.

குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி, விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அதாவது ஏறக்குறைய 60 கிராம் உள்ளே போகிறது. அறுபது கிலோ எடையுள்ள ஆணுக்கு 100 மில்லி ரத்தத்தில் இது சுமார் 150 மில்லிகிராம் வரை ஏறும். கல்லீரல் மணிக்குப் பதினைந்து மில்லிகிராம் அளவுதான் குறைக்கும். ராத்திரி 11 மணிக்கு முடித்தவர் காலை 5 மணிக்குச் சாவியைத் திருகும்போது இன்னும் 60 பாக்கி! சட்டம் விடுவது 30 வரைதான். அதைத் தொட அவருக்கு 7 மணி ஆகிவிடும். இது தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். அதே அளவு குடித்தால் பெண்ணுக்கு இன்னும் அதிகமாக ஏறும். காபி, எலுமிச்சைச் சாறு, தலைக்குத் தண்ணீர் எதுவும் கல்லீரலை அவசரப்படுத்தாது. காபி தூக்கத்தைத் தெளிய வைக்கும், போதையை அல்ல.

"ஒரே ஒரு லார்ஜ்தானே?" என்பீர்கள். அறுபது மில்லிக்கே சுமார் 50 மில்லிகிராம் ஏறும்.

பிடிபட்டால் என்ன? மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம், இல்லையென்றால் இரண்டும். மறுபடி பிடிபட்டால் இரண்டு வருஷம் வரை, அல்லது ரூ.15,000, அல்லது இரண்டும். ஓட்டத்தான் வேண்டும் என்பதில்லை. ஓட்ட முயன்றாலே போதும். லைசென்ஸுக்கும் ஆபத்து. "நீயே எடுப்பா, ஒண்ணும் ஆகாது" என்று தூண்டிய லாரி முதலாளிக்கும் நண்பருக்கும் 188வது பிரிவில் அதே தண்டனை உண்டு. இதை நிறையப் பேர் நம்ப மாட்டார்கள்.

ஊத மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். தகுந்த காரணமில்லாமல் மறுத்தால் அதுவே உங்களுக்கு எதிராகப் பேசும். ரத்தப் பரிசோதனையும் வரும். ஆனால் உங்கள் பக்கம் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. கைது செய்த இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற டாக்டரின் பரிசோதனை நடக்க வேண்டும். நடக்கவில்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். கைதான நேரத்தைக் கடிகாரம் பார்த்து மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பெண்ணிடம் ரத்தம் எடுக்கும்போது பெண் டாக்டரோ இன்னொரு பெண்மணியோ கூட இருந்தாக வேண்டும்.

கடலில் சங்கு குளிக்கப் போகிறவருக்கு 185 பொருந்தாது, அது சாலை வண்டிக்கான சட்டம். கல்லீரல் கணக்கு மட்டும் கடலிலும் அதேதான். முந்தைய ராத்திரிச் சரக்கோடு ஆழத்தில் இறங்குவது, வண்டி ஓட்டுவதைவிடப் பயங்கரம்.

விபத்தில் உயிர் போனால் விஷயம் வேறு. 2006-ல் மும்பையில் குடித்துவிட்டு ஓட்டி, நடைபாதையில் தூங்கிய ஏழு பேரைக் கொன்ற வழக்கில், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற குற்றத்தை 2012-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. வெறும் அஜாக்கிரதை என்று தப்ப முடியவில்லை.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். 2021-ல் சுப்ரீம் கோர்ட் டெல்லி கார் வழக்கு ஒன்றில், ஊதிப் பார்க்காவிட்டாலும் வேறு சாட்சியங்களால் போதையை நிரூபிக்கலாம் என்று கூறி, காரின் சேதத்துக்குக் கம்பெனி பணம் தர மறுத்ததைச் சரியென்றது. அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்தாலும், பிறகு வண்டிக்காரரிடம் அதைத் திரும்ப வசூலிக்கக் கோர்ட்டுகள் அனுமதிப்பதுண்டு.